மூன்று ஃபார்ம்களில் அண்ணி

தொண்ணூறுகளின் நடுவில், பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுனில் ஒரு கடைவீட்டு மாடியில் உட்கார்ந்து நான் கணினி நிரல் எழுதிக்கொண்டிருந்தேன். கீழே சைக்கிள் சாமான் கடை. மேலே மூன்று மேசை, நான்கு கணினி, ஒரு சீன முதலாளி. முதலாளி ஊரெல்லாம் சுற்றி வேலை பிடித்துக்கொண்டு வருவார். நானும் இன்னொருவனும் எழுதிக் கொடுப்போம். எனக்கு இருபத்தாறு வயது. என்னைவிடக் கெட்டிக்காரன் இந்தத் தீவில் கிடையாது என்று மனதார நம்பிய வயது. யாராவது குறை சொன்னால் மூக்குக்கு மேல் கோபம் வரும். இப்போதும் வரும், ஆனால் இப்போது வந்தவுடன் பழைய நினைவு ஒன்று குறுக்கே வந்து வாயை அடைத்துவிடுகிறது. அதைத்தான் எழுதப் போகிறேன்.

தீவுக்கு எதிர்க்கரையில், பிறை என்ற ஊரில் இருந்த ஒரு மின்னணுத் தொழிற்சாலை எங்களிடம் ஒரு வேலை கொடுத்தது. எந்தத் தொழிலாளி எந்த லைனில், எந்த இடத்தில் வேலை செய்கிறார், யாருக்கு மருத்துவக் காரணத்தால் எந்த வேலை கூடாது என்பதையெல்லாம் ஒரே நிரலில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆள் நிர்வாக அறையில் ஒரே ஒரு கணினி. அதை மூன்று பேர் மாற்றி மாற்றிப் பயன்படுத்துவார்கள்: நிர்வாக அறைக் குமாஸ்தா, எல்லோரும் மிசி என்று கூப்பிடும் மருத்துவ அறைத் தாதி, லைன் லீடர். மூவருக்கும் மூன்று திரைகள். நாங்கள் அதை ஃபார்ம் என்போம்.

என் அண்ணி அதே தொழிற்சாலையில்தான் வேலை செய்தார். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அங்கேதான். அண்ணனைக் கட்டிக்கொண்டு தீவுக்கு வந்த பிறகும் வேலையை விடவில்லை. காலையில் ஃபெரி பிடித்து பட்டர்வொர்த்தில் இறங்கினால் தொழிற்சாலை பஸ் நிற்கும். சர்க்யூட் பலகைகளை ஒரு மருந்துத் தண்ணீரில் கழுவி எடுக்கும் இடத்தில் அவருக்கு வேலை. மாலையில் வீட்டுக்குள் நுழையும்போது அந்த வாடையும் கூடவே நுழையும். அவருடைய லைன் லீடரும் தமிழ்ப் பெண்தான், செபராங் ஜெயாவில் வீடு. அண்ணியை வேலையில் சேர்த்துவிட்டதே அவர்தான். கல்யாணத்தன்று அண்ணிக்குப் பூ வைத்து, சேலை மடிப்பு எடுத்துவிட்டதும் அவர்தான். லைனில் எல்லோருக்கும் அவர் அக்கா. எங்கள் வீட்டிலும் அக்காதான்.

இனி என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நிரலில் கிளாஸ் என்று ஒன்று உண்டு. இட்லித் தட்டின் குழி மாதிரி. குழி ஒன்றுதான், ஆனால் மாவு ஊற்ற ஊற்றத் தனித்தனி இட்லி வரும். தொழிலாளி என்று ஒரு கிளாஸ் எழுதினேன். அதிலிருந்து எடுக்கும் ஒவ்வொன்றிலும் ஒருவருடைய பெயர், லைன், செய்யக்கூடாத வேலை எல்லாம் இருக்கும். ஒருவருக்கு ஒன்றே ஒன்றை உருவாக்கி, மூன்று ஃபார்ம்களும் அந்த ஒன்றையே பார்க்கும்படி வைப்பதுதான் முறை. மிசி ஒன்றை மாற்றினால், லைன் லீடர் பார்ப்பதும் மாறியிருக்க வேண்டும்.

நான் அப்படிச் செய்யவில்லை. ஒரு தடித்த புத்தகத்தில், எல்லோருக்கும் பொதுவாக எதையும் திறந்து வைக்காதே, யார் கை வைத்தார்கள் என்றே தெரியாமல் போய்விடும் என்று படித்திருந்தேன். அது தப்பான பேச்சு இல்லை. அரைகுறையாகப் புரிந்துகொண்ட நான்தான் தப்பு. பொதுவாக வைத்தால் அசிங்கம் என்று முடிவு கட்டி, ஒவ்வொரு ஃபார்மும் திறக்கும்போது தனக்கென்று ஒரு பிரதி எடுத்துக்கொள்ளும்படி எழுதினேன். கூட வேலை செய்தவன், "எல்லாத்துக்கும் ஒண்ணையே குடுத்துடேன் லா, எதுக்கு சுசா, வீண் தொல்லை" என்றான். அவனுக்கு அரைமணி நேரம் வகுப்பு எடுத்தேன். பாவம், தலையை ஆட்டிவிட்டுப் போனான்.

நான் சோதித்துப் பார்த்தபோது எல்லாம் சரியாகவே இருந்தது. ஏனென்றால் நான் ஒரு ஃபார்மை முடித்து, சேமித்து, மூடிவிட்டு அடுத்ததைத் திறப்பேன். திறக்கும்போது அது புதுப் பிரதி எடுக்கும். ஆனால் பிறையில் யாரும் எதையும் மூடுவதில்லை. அந்தக் கணினியில் ஒரு ஃபார்ம் திறப்பதற்குள் தேத்தண்ணி ஆறிவிடும். போதாததற்குத் திறக்க ஒரு கடவுச்சொல் வேண்டும். அது குமாஸ்தாவுக்கு மட்டும்தான் தெரியும். ஒவ்வொரு தடவையும் அவரைக் கூப்பிட்டுக் கெஞ்சுவது யார்? திங்கட்கிழமை காலையில் அவர் மூன்றையும் திறந்து வைத்துவிடுவார். சனிக்கிழமை வரை மூன்றும் அப்படியே கிடக்கும். வருகிறவர் தன்னுடையதை மேலே இழுத்துக்கொள்வார். அதாவது லைன் லீடரின் ஃபார்முக்குள் இருந்தது திங்கட்கிழமை எடுத்த பிரதி. சனிக்கிழமை அடுத்த வாரப் பட்டியலை அச்சடித்து அவர் சேமி என்று தட்டினால், வாரம் முழுக்க மிசி போட்டு வைத்ததையெல்லாம் அந்தப் பழைய பிரதி அழித்துவிட்டு உட்காரும். கடைசியில் சேமித்தவர் சொன்னதே வேதவாக்கு. இது எனக்கு அப்போது தெரியாது.

நிரலை ஒப்படைத்த வாரம் வீட்டில் சாப்பிடும்போது ஒரே பீற்றல்தான். அம்மா, அண்ணன், அண்ணி, நான், நான்கு பேர் அந்த ஃபிளாட்டில். இனி பிறையில் ஒருவரிடம் போய் ஒருவர் சொல்ல வேண்டிய தேவையே இல்லை, ஓரிடத்தில் தட்டினால் எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்று கையில் சோற்றோடு அளந்துகொண்டிருந்தேன். அண்ணி ரசம் ஊற்றிக்கொண்டே கேட்டார்.

"அப்ப மிசி அதுல ஒண்ணு போட்டா, லைன் லீடருக்கு நாம வாயால சொல்ல வேண்டியதில்லையா தம்பி?"

"சொல்லவே வேணாம் அண்ணி. கம்ப்யூட்டரே சொல்லிடும் லா."

எதற்குக் கேட்கிறார் என்று நான் கேட்கவில்லை. என் நிரலைப் பற்றி வீட்டில் ஒருவராவது கேள்வி கேட்டாரே என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருக்கும். ஒருநாள் அலுவலகத்திலிருந்து திரும்பினால் வீட்டில் யாரும் இல்லை. அண்ணிக்கு வயிற்று வலி, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். ஆரஞ்சு வாங்கிக்கொண்டு ஓடினேன். அண்ணி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். அம்மாவின் கண் சிவந்திருந்தது. வயிற்று வலிக்கு இவ்வளவு அழுகையா என்று தோன்றியது, கேட்கவில்லை. எங்கள் வீட்டில் அப்படித்தான். பெண்கள் சமாச்சாரம் என்றால் கல்யாணமாகாத ஆணின் காதுக்கு வராது.

இரண்டு வாரம் கழித்துப் பிறையிலிருந்து முதலாளிக்கு ஒரு புகார் வந்தது. மிசி போட்டு வைப்பது காணாமல் போகிறதாம். அவளுக்குச் சேமிக்கத் தெரியவில்லை என்று எரிச்சலோடு ஃபெரி ஏறினேன்.

மிசி நடுத்தர வயது மலாய்க்காரர். என் எரிச்சலை அவர் கண்டுகொள்ளவில்லை. இழுப்பறையிலிருந்து ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகத்தை எடுத்து என் முன்னே வைத்தார். கணினியில் போடுவதையெல்லாம் தன் கையாலும் அதில் எழுதி வைத்திருந்தார். ஒவ்வொரு பெயராக அவர் வாசிக்க, நான் திரையில் தேட வேண்டும். ஒன்பது பெயர். இரண்டு பேருக்கு மட்டும்தான் அவர் எழுதியது கணினியிலும் இருந்தது. பாதியிலேயே எனக்குப் புரிந்துவிட்டது, தப்பு மிசியுடையது இல்லை என்று. ஏழாவது பெயரை வாசித்தார். அது அண்ணியின் பெயர். பக்கத்தில் மலாயில் எழுதியிருந்தது: கர்ப்பம், கழுவும் இடத்தில் போடக்கூடாது.

"இதைத் தேட வேண்டாம்" என்றார் மிசி மலாயில். "பாவம், அது கலைந்துவிட்டது."

நான் யாரென்று அவருக்குத் தெரியாது. அவர் மேலும் சொன்னார். அந்தப் பெண் யாருக்கும் தெரியாமல் வந்தாளாம். மூன்று மாதம் முடியும் வரை வெளியே சொல்லக்கூடாது என்று மாமியார் கட்டளையாம், லைனில் ஒருத்திக்குத் தெரிந்தால் ஊருக்கே தெரிந்துவிடுமாம். லைன் லீடரிடம் நானே சொல்கிறேன் என்று மிசி சொன்னதற்கு, வேண்டாம், கணினியில் மட்டும் போடுங்கள், அது போதும் என்று கெஞ்சினாளாம்.

திரையில் அண்ணியின் பெயரைத் தட்டினேன். லைன் அதே லைன். இடம் அதே கழுவும் இடம். செய்யக்கூடாத வேலை என்ற கட்டம் வெறுமையாக இருந்தது.

திருத்துவதற்கு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. தொழிலாளிகளை நிரல் தொடங்கும்போதே ஓரிடத்தில் ஒரே ஒரு தடவை உருவாக்கினேன். ஃபார்ம்கள் தமக்கென்று எதையும் உருவாக்காமல், அங்கே இருப்பதையே வாங்கிப் பார்க்கும்படி மாற்றினேன். மிசியை ஒரு டிக் போடச் சொன்னேன். மூடாமலே கிடந்த லைன் ஃபார்மை மேலே இழுத்தேன். அவர் போட்டது அங்கே இருந்தது. மிசி சந்தோஷமாகச் சிரித்தார். வேலைத் தாளில் 'சிறு திருத்தம்' என்று எழுதிக் குமாஸ்தாவிடம் கையெழுத்து வாங்கினேன். ஃபெரியில் திரும்பும்போது, முதலில் அண்ணனிடம் சொல்வதா, அண்ணியிடம் சொல்வதா என்றுதான் யோசித்தேன். சொல்லாமல் இருக்கலாம் என்பது அப்போது தோன்றவே இல்லை. சத்தியமாக.

வீட்டுக்குள் நுழைந்தபோது அம்மா உரத்துப் பேசிக்கொண்டிருந்தார். அண்ணி பாயில் உட்கார்ந்திருந்தார்.

"மிசி போட்டத உன் அக்கா பாக்காமலா இருந்திருப்பா? பாத்துட்டுத்தான் வேணும்னே அங்கயே நிக்க வச்சிருக்கா. கல்யாணமாகி பத்து வருசமா வயித்துல ஒண்ணு தங்கல அவளுக்கு. உன்னோடத கண்ணால பாக்க முடியுமா?"

அண்ணி இல்லை என்று சொல்லவில்லை. "நான் கம்ப்யூட்டர்ல போடச் சொல்லிட்டேன் அத்தே. ஒவ்வொரு வாரமும் லிஸ்ட்டு மாறும் மாறும்னு பாத்தேன். அக்கா என் மூஞ்சியப் பாத்து சிரிச்சிக்கிட்டே அதே எடத்துல போட்டாங்க" என்று அழுதார். நேரே கேட்க வேண்டியதுதானே என்று யாரும் கேட்கலாம். கேட்டால் வாயால் சொன்னதாகிவிடும். மூன்று மாதம் ஆகாமல் எப்படிச் சொல்வார்?

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்து தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கைகளைப் பார்த்துத்தான் பயந்தேன் என்று வெகுகாலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். அண்ணன் என்னை அடித்தால்கூடப் பரவாயில்லை. என் கெட்டிக்காரத்தனம் போய்விடுமே என்றுதான் பயந்தேன். முதல் பிள்ளை சில நேரம் இப்படி ஆகும், மருந்துத் தண்ணீர்தான் காரணம் என்று சொல்ல முடியாது என்று டாக்டர் அண்ணனிடம் சொல்லியிருந்தார். நான் அந்த வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். காரணம் என்று சொல்ல முடியாது, சரி. காரணம் இல்லை என்று அவர் சொல்லவில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

அண்ணி வேலையை விட்டார். அக்கா இரண்டு தடவை வீட்டுக்கு வந்தார். முதல் தடவை அம்மா கதவைத் திறந்து, வெளியே நிற்க வைத்தே பேசி அனுப்பினார். என்ன பேசினார் என்று எனக்குத் தெரியும், நான் உள்ளேதான் இருந்தேன். இரண்டாம் தடவை கதவே திறக்கவில்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். பாவம் உள்ளே சட்டை மடித்துக்கொண்டிருந்தது.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது முடியாத காரியம் என்கிறார்கள். முடியும். தினமும் அந்தச் சோற்றைத் தின்னத் தெரிந்தால் போதும். அடுத்த வருஷம் அண்ணி மறுபடியும் உண்டானார். வளைகாப்புக்கு லைனில் கூட வேலை செய்தவர்கள் எல்லோருக்கும் அழைப்பு போனது, ஒருவரைத் தவிர. நான் மண்டபத்தில் நாற்காலி போட்டேன். பெண் குழந்தை பிறந்தது. கடன்பட்டவன் மாதிரி அந்தக் குழந்தைக்கு விளையாட்டுச் சாமான் வாங்கிக் குவித்தேன். சித்தப்பாவுக்குப் பிள்ளைமேல் உயிர் என்று எல்லோரும் மெச்சினார்கள்.

குழந்தைக்கு இரண்டு வயது நடந்த தைப்பூசத்தில், தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் சாலையில் நல்ல வெயில். பிறைத் தொழிலாளர்கள் வழக்கம்போல் ஒரு தண்ணீர்ப் பந்தல் போட்டிருந்தார்கள். கூட்டம் எங்களைத் தள்ளிக்கொண்டு போய் அதன் முன்னால் நிறுத்திவிட்டது. மேசைக்குப் பின்னால் அக்கா நின்றார். முன்பைவிட மெலிந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் ஒரு கணம் தயங்கி, பிறகு ரோஸ் சிரப் தண்ணீர்க் கப் ஒன்றைக் குழந்தையிடம் நீட்டினார். குழந்தைக்குத் தாகம், இரண்டு கையையும் நீட்டியது. அண்ணி முந்தானையை இழுத்துக் குழந்தையின் முகத்தை மூடி, திரும்பி நடந்தார். குழந்தை முந்தானைக்குள் வீறிட்டு அழுதது. அக்கா கப்பை மெல்ல மேசையில் வைத்துவிட்டு, அடுத்து நின்றவருக்கு வேறொன்றை எடுத்து நீட்டினார்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை செபராங் ஜெயாவுக்குப் போனேன். அக்கா வீட்டு முன்னால் கார் நிற்கும் இடத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார். உட்காராமலே சொல்லிவிட்டேன். மூன்று ஃபார்ம், மூன்று பிரதி, திங்கள், சனி, எல்லாம். குழாய் ஓடிக்கொண்டே இருந்தது.

"நெசமாவா சொல்ற? என் பேப்பர்ல ஒண்ணுமே இல்லையா?"

"இல்லக்கா. வரவே இல்ல."

அவர் படியில் உட்கார்ந்தார்.

"நான் எத்தன தடவ யோசிச்சிருப்பேன் தெரியுமா தம்பி. பேப்பர்ல இருந்துச்சா, நான்தான் பாக்காம உட்டுட்டேனான்னு. அப்புறம் வேற மாதிரி யோசன வந்துச்சி. பாத்துட்டுத்தான் பாக்காத மாதிரி இருந்துட்டேனோன்னு. எல்லாரும் சொல்றாங்களே, பிள்ள இல்லாதவ மனசு அப்படித்தான்னு. எனக்கே தெரியாம என் உள்ளுக்குள்ள அப்படி ஒரு மனசு இருக்கோன்னு நெனச்சிட்டேன். அதுக்கப்புறம் லைன்ல யாருக்காவது பிள்ள உண்டாயிட்டா நான் கிட்டயே போறதில்ல."

நான் மன்னித்துக்கொள்ளுங்கள் என்று என்னவோ முனகினேன்.

"நாலு வருசம் எங்க இருந்த நீ?"

"பினாங்குலதான்கா" என்றேன். வாயில் வந்த முட்டாள்தனம் அது.

அவர் எழுந்து குழாயை மூடினார். "இத இங்க வந்து சொல்லி என்ன பிரயோஜனம்? அவகிட்ட போய் சொல்லு. போ" என்றார். நான் காலணியைப் போடும் வரைகூட நிற்காமல் உள்ளே போய்விட்டார்.

வீடு திரும்பியபோது அம்மா கோயிலுக்குப் போயிருந்தார், அண்ணன் குழந்தையை வெளியே கூட்டிப்போயிருந்தார். அண்ணி சமையலறைத் தரையில் உட்கார்ந்து நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தார். நான் எதிரே உட்கார்ந்தேன். இந்தத் தடவை ஃபார்ம் பற்றியெல்லாம் விளக்கவில்லை. நான் எழுதியதில் தப்பு, மிசி போட்டது அக்காவிடம் போய்ச் சேரவில்லை, அன்றைக்கே எனக்குத் தெரியும், சொல்லவில்லை என்றேன். அவ்வளவுதான் சொல்ல இருந்தது. அதைச் சொல்ல நான்கு வருஷம்.

அண்ணி திட்டுவார், அழுவார், எதையாவது தூக்கி எறிவார் என்று காத்திருந்தேன். அவர் கையிலிருந்த நெத்திலியைத் தட்டில் வைத்தார். செத்த பிள்ளையைப் பற்றிக் கேட்கவில்லை. என்னைப் பற்றியும் கேட்கவில்லை.

"அக்கா பாக்கவே இல்லையா?"

"அவங்களுக்கு வரவே இல்ல அண்ணி."

எழுந்தார். கையைக் கழுவாமல் கூடத்துக்குப் போய்த் தொலைபேசியை எடுத்தார். நான்கு வருஷமாகப் பேசாதவரின் எண்ணை எங்கும் பார்க்காமல், ஒரு இடத்திலும் தயங்காமல் அழுத்தினார். அந்தப் பக்கம் எடுத்துவிட்டார்கள்.

"அக்கா" என்றார் அண்ணி. அந்தப் பக்கம் யாரும் வைத்துவிடவில்லை. நான் சமையலறை வாசலில் நின்றேன். அண்ணி என்னைப் பார்த்தார். மீன் வாடை அடிக்கும் கையை உயர்த்தி, வெளியே போ என்று கதவைக் காட்டினார்.